நிகழ்தகவை ஓட்டிப் பார்க்கலாம் வாங்க

மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் விக்ரோலியிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு கஷ்டங்கள் சேர்ந்து வருகின்றன. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஜூனியர் காலேஜில் ஆங்கில வழிக்கு மாறுவது ஒன்று. காமர்ஸ் எடுத்தாலும் சயன்ஸ் எடுத்தாலும் புள்ளியியலும் நிகழ்தகவும் வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் விக்ரோலி பார்க் சைட் பக்கம் சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் சூத்திரம் தெரியும். திட்ட விலக்கம் கேட்டால் மடமடவென்று போட்டுக் கொடுப்பார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, சூத்திரத்துக்குப் போகும் முன்பே கணினியில் ஓட்டிப் பார்ப்பது. காசைச் சுண்டு என்றால் நிஜமாகவே லட்சம் தடவை சுண்டு. சீட்டு எடு என்றால் எடுக்கக்கூடிய எல்லாச் சேர்க்கையையும் எடு. நிகழ்தகவு என்பது 'நெடுங்காலத்தில் என்ன ஆகும்' என்ற கேள்வி. ஒரு மனுஷனுக்கு அத்தனை நெடுங்காலம் கிடைக்காது, நிரலுக்குக் கிடைக்கும்.

என்ன வேண்டும்?

லேப்டாப் வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. போனில் பிரவுசரைத் திறந்து கூகுள் கோலாபுக்குப் போனால் பைத்தான் என்ற நிரல்மொழி தயாராக இருக்கும். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'சீட்டு', 'மழை', 'காத்திருப்பு' என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தன் மொழியில் கண் முன்னே நிற்கும்.

பைத்தானே புதிது என்றால் அதற்கும் வழி பக்கத்தில்தான். ஜோகேஷ்வரி–விக்ரோலி லிங்க் ரோடில் கொஞ்ச தூரம் போனால் பவாய் ஐஐடி. அங்கே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் மென்பொருள் பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாக இலவசமாகத் தருகிறார்கள். தமிழ்க் குரலிலும் கேட்கலாம்.

என் வகுப்பில் ஒரே ஒரு விதி. நிரலை ஓட்டும் முன், விடை என்னவாக இருக்கும் என்று ஊகித்து நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் ஓட்டினால், வந்த விடையைப் பார்த்து "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று மனசு சொல்லிவிடும்.

முதல் பயிற்சி: காசு

ஜான் கெர்ரிச் என்று தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த ஒரு கணித ஆசிரியர். 1940 ஏப்ரலில் டென்மார்க் போயிருந்த நேரத்தில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்துவிட்டது. அவரைப் பிடித்து முகாமில் வைத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து அவர் ஒரு காசை 10,000 தடவை சுண்டி ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். தலை விழுந்தது 5,067 தடவை.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் முதல் கேள்வி, "67 அதிகமா இருக்கே, காசு கோணலா?" என்பதுதான். அருமையான கேள்வி. பதிலை நான் சொல்வதில்லை. பத்தாயிரம் சுண்டலை ஒரு ஆட்டமாக வைத்து, ஆயிரம் ஆட்டம் ஓட்டச் சொல்வேன். போனில் சில நொடி வேலை. ஆயிரம் எண்கள் வரும். பெரும்பாலானவை 4,950-க்கும் 5,050-க்கும் நடுவில் இருக்கும். 5,067-ஐ ஒட்டி, அதைத் தாண்டியும் ஏராளமானவை கிடக்கும். 5,200 கண்ணிலேயே படாது. அந்த 50 என்ற அளவுதான் இங்கே திட்ட விலக்கம். சரியான காசும் ஆட்டத்துக்கு ஆட்டம் சாதாரணமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு அது. கெர்ரிச்சின் காசில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, நூறு சுண்டலில் ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்த மிக நீளமான வரிசை எத்தனை என்று பார்க்கச் சொல்வேன். மூன்று, நான்கு என்றுதான் ஊகம் எழுதுவார்கள். ஓட்டினால் நூற்றுக்கு எண்பது ஆட்டத்தில் ஆறோ அதற்கு மேலோ வந்து நிற்கும். நேர்மையான காசிலேயே தலை, தலை என்று ஆறு தடவை வருவது சர்வ சாதாரணம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மட்கா சூதாட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டாம் பயிற்சி: விக்ரோலி ஸ்டேஷன்

விக்ரோலியில் ஃபாஸ்ட் நிற்காது, ஸ்லோ லோக்கல்தான். "சராசரியா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டி. நேரம் பார்க்காமல் பிளாட்பாரத்துக்குப் போனால் சராசரியா எத்தனை நிமிஷம் நிற்க வேண்டியிருக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் இரண்டரை என்பார்கள். வண்டிகள் கச்சிதமாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அது சரி. நிஜத்தில் ஒன்று தாமதமாகும், அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். அதனால் இடைவெளி 8 நிமிடம், 2 நிமிடம், 8, 2 என்று மாறி மாறி இருப்பதாக நிரலில் வையுங்கள். சராசரி இடைவெளி இப்போதும் ஐந்துதான். ஒரு லட்சம் பயணிகளைச் சமவாய்ப்பு நேரங்களில் பிளாட்பாரத்தில் விடுங்கள்.

விடை 3.4 நிமிடம் வரும். இரண்டரை வராது.

ஏன் என்பதைக் கையாலேயே போட்டுவிடலாம். ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் எட்டு நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் கிடக்கிறது. ஆகவே நூறு பேரில் எண்பது பேர் அதற்குள்தான் வந்து சேர்கிறார்கள். அவர்கள் சராசரியாக 4 நிமிடம் நிற்கிறார்கள். மீதி இருபது பேர் 1 நிமிடம். சேர்த்துப் பார்த்தால் 3.4.

இதே நிரலில் இன்னொரு வரி சேர்த்து, எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். வண்டிகளில் பாதி காலியாக, பாதி நெரிசலாகப் போகும். ஆனால் பயணிகளில் எண்பது சதவீதம் பேர் நெரிசல் வண்டியில்தான் இருப்பார்கள். "நான் போனாலே வண்டி நிரம்பி வழியுது" என்று சொல்பவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை, அது கணக்கு. ரயில்வே வண்டிகளை எண்ணிச் சராசரி போடும், நாம் பயணிகளாக இருந்து சராசரி போடுகிறோம். இரண்டுமே உண்மையான சராசரிதான். ஒரு சராசரியைப் பார்த்ததும் 'யாரை எண்ணிப் போட்டது?' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியில் வந்துவிடும்.

மூன்றாம் பயிற்சி: மட்கா

இந்த ஊரில் நிகழ்தகவு சொல்லிக்கொடுத்துவிட்டு மட்காவைத் தொடாமல் போவது சரியில்லை. எத்தனையோ குடும்பங்களின் கூலி அதில் போயிருக்கிறது.

அதன் கதை பருத்தியில் தொடங்குகிறது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டரில் பம்பாய்க்கு வரும். அந்த எண்களின் மேல் இங்கே பந்தயம் கட்டினார்கள். 1961-இல் அந்த வழி அடைபட்டது. 1962-இல் கல்யாண்ஜி பகத் வர்லியில் தன் மட்காவைத் தொடங்கினார். 1964-இல் ரத்தன் கத்ரி. முதலில் பானைக்குள் எண் எழுதிய சீட்டு, பிறகு விளையாட்டுச் சீட்டுக் கட்டு. மூன்று சீட்டு எடுத்து, கூட்டி, கடைசி இலக்கம்தான் அன்றைய எண். வர்லி, பரேல், லால்பாக் மில் தொழிலாளர்களிடம் அது காட்டுத்தீ போலப் பரவியது. சூதாட்டத் தடுப்புச் சட்டம் 1887-லிருந்தே இங்கே இருக்கிறது. அது இருந்தும்தான் மட்கா இத்தனை காலம் ஓடியது.

எங்கள் பக்கத்து சால் குடியிருப்பில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், மில்லில் வேலை பார்த்தவர். பழைய மட்கா எண்களை வரிசையாக எழுதிய சார்ட்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒருநாள் பிள்ளைகளிடமே எடுத்துக் காட்டினார்.

"ஏழு விழுந்து பத்து நாளாச்சுன்னு வைங்க தம்பி. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு ஏழுதான். எங்க போயிரும்?"

"சரி அண்ணாச்சி, ஓட்டிப் பார்த்துருவோமா?"

முதலில் பார்க்க வேண்டியது, பத்து எண்களுக்கும் வாய்ப்பு சமமா என்பது. படச்சீட்டுகளை நீக்கிவிட்டு, ஒன்று முதல் பத்து வரை நான்கு நான்காக நாற்பது சீட்டு என்று வைத்துக்கொள்வோம். நிரல் நான்கே படி:

1. நாற்பது சீட்டையும் ஒரு பட்டியலாகப் போடு.
2. அதிலிருந்து மூன்று மூன்றாக எடுக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எடு. பைத்தானின் ஐட்டர்டூல்ஸில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது.
3. ஒவ்வொரு சேர்க்கையையும் கூட்டி, பத்தால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்.
4. 0 முதல் 9 வரை எது எத்தனை தடவை வந்தது என்று எண்ணு.

மொத்தச் சேர்க்கைகள் 9,880. ஒவ்வொரு எண்ணுக்கும் கிடைத்தது 988. பத்து வரியிலும் ஒரே 988. ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. திரையைப் பார்த்த ஒரு பெண் கேட்டாள்: "அது எப்படி அண்ணா இவ்வளவு கரெக்டா வரும்?"

இந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் நிரல். இனிமேல் சொல்லும் விளக்கம் தானாக உள்ளே போகும். ஏதாவது மூன்று சீட்டை எடுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்த சீட்டாக மாற்றுங்கள். பத்துக்கு அடுத்தது ஒன்று. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் மூன்று கூடும். ஆகவே 0 தரும் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் 3 தரும் ஒரு ஜோடி உண்டு. 3-க்கு 6, 6-க்கு 9, 9-க்கு 2, பிறகு 5, 8, 1, 4, 7, மறுபடி 0. பத்து இலக்கங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டோம். எல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிட்டதால் எல்லாமே சமம். சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது அண்ணாச்சியின் ஏழு. லட்சம் நாள் மட்காவை ஓட்டி, தொடர்ந்து பத்து நாள் ஏழு விழாத இடங்களை மட்டும் பொறுக்கி, பதினொன்றாவது நாளைப் பார்த்தோம். ஏழு வந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மற்ற நாட்களைப் போலவேதான். போன பத்து நாளில் என்ன விழுந்தது என்பது கட்டுக்குத் தெரியாது, சார்பின்மை என்பது இதுதான். பத்து நாள் ஏழு வராமல் இருப்பதும் அதிசயம் இல்லை, அதற்கான வாய்ப்பே 35 சதவீதம். காசில் பார்த்த ஆறு தலைகளை நினைத்துப் பாருங்கள். சமவாய்ப்பில் இப்படிப்பட்ட வரிசைகள் எப்போதும் இருக்கும். சார்ட்டில் தெரியும் கோலங்கள் எல்லாம் இந்த ஜாதிதான்.

அண்ணாச்சி விடவில்லை. "கணக்கு இருக்கட்டும் தம்பி. ஜெயிச்சவங்களை நான் கண்ணால பார்த்திருக்கேனே!"

அவர் சொன்னது பொய்யில்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது. சரியான ஒற்றை எண்ணுக்கு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் தருவது வழக்கம். வாய்ப்போ பத்தில் ஒன்று. ஆக, ரூபாய்க்குப் பத்துப் பைசா சராசரி நஷ்டம். எதிர்பார்ப்பு மதிப்பு என்பது இந்தச் சராசரிதான். பத்தாயிரம் பேரை நிரலில் உருவாக்கி, ஆளுக்குத் தினம் நூறு ரூபாய் என்று 300 நாள் ஆட விடுங்கள். சராசரி நஷ்டம் மூவாயிரம். ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 300 நாளுக்குப் பிறகும் லாபத்தில் இருப்பார். சால் முழுக்கப் பேசப்படுவது அவரைப் பற்றித்தான். மீதி மூன்று பேர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டுகள் நம்மிடம் வந்து சேரும் விதமே ஒருதலைப்பட்சமானது. புள்ளியியல் பாடப் புத்தகத்தில் மாதிரி எடுப்பு என்று வரும் பகுதி இதைப் பற்றியதுதான்.

அதே ஆட்களை 3,000 நாள் ஆட விடுங்கள். லாபத்தில் நிற்பவர் நூறில் இரண்டு பேர். 30,000 தடவை ஆட விட்டால் பத்தாயிரம் பேரில் ஒருவரும் தேறமாட்டார்.

இங்கே நிரல் சும்மா 'பூஜ்யம்' என்கிறது. உண்மையான விடை பூஜ்யம் இல்லை, மிக மிகச் சிறிய ஒரு எண். எவ்வளவு சிறியது, ஆட்டம் நீள நீள எவ்வளவு வேகத்தில் சுருங்குகிறது என்று கேட்டால் ஓட்டிப் பார்ப்பது போதாது, கணிதம் வேண்டும். அந்தக் கணிதத்துக்கு ஒரு பொதுவான கோட்பாட்டைக் கட்டியவர் நம் ஊர்க்காரர். 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போன எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன். அரிதான பெருவிலகல்கள் பற்றிய அந்தப் பணிக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். சூத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வருபவருக்குச் சூத்திரம் எதற்கு என்பது புரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் கொடுத்த விதிகளைத்தான் நிரல் ஓட்டும். நம் மட்காவில் சீட்டு நேர்மையாக எடுக்கப்படுகிறது. நிஜத்தில் சீட்டை எடுக்கும் கையிலேயே எந்த எண்ணில் எவ்வளவு பணம் என்ற கணக்கும் இருந்தால், பணம் குறைவாக விழுந்த எண்ணை அறிவிக்க என்ன தடை? நேர்மையான ஆட்டத்திலேயே இவ்வளவு நஷ்டம் என்பதுதான் நிரல் தரும் பாடம். நேர்மை இல்லாத ஆட்டம் அதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

நான்காம் பயிற்சி: மழை

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நாளில் கொலாபாவில் சுமார் 74. இரண்டையும் சராசரிக்குக் கொடுத்தால் 509 என்று வரும். அந்த 509 இரண்டு இடத்திலும் பெய்யவில்லை. தெற்கே இருந்தவருக்கு அது ஒரு மழை நாள், வடக்கே இருந்தவருக்குப் பிரளயம். சராசரியோடு பரவலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்கு மும்பைக்காரருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மழைக்கணக்கு விக்ரோலியில் உயிர்க்கணக்கும்கூட. 2021 ஜூலை 18 அதிகாலை கனமழையில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்தது. விக்ரோலி சூர்யா நகரில் மண் சரிந்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவில் குடியிருக்கும் நமக்கு 'நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழை' என்று செய்தியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை வந்துவிட்டால் இனி நூறு வருஷம் நிம்மதி என்பது அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். முப்பது வருஷத்தை நிரலில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவையாவது அந்த மழை வந்த ஓட்டங்கள் நூற்றுக்கு 26 இருக்கும். வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் நான்கில் ஒரு வாய்ப்பு. அதுவும் பருவநிலை மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டால்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

காசு, ரயில், சீட்டு, மழை என்று இதே வரிசையில் போங்கள். காசில் திட்ட விலக்கம், ரயிலில் சராசரி, மட்காவில் எதிர்பார்ப்பு மதிப்பும் சார்பின்மையும், மழையில் பரவலும் அரிய நிகழ்வும் கிடைத்துவிடும். புள்ளியியல், நிகழ்தகவுப் பாடத்தின் அடிப்படைகள் இவைதான். சமவாய்ப்பு எண்களுக்கு விதை எண்ணைக் குறித்து வையுங்கள். அப்போதுதான் உங்கள் விடையை இன்னொருவர் அப்படியே ஓட்டிச் சரிபார்க்க முடியும். ரயில் இடைவெளிகளை 8, 2 என்ற கற்பனையோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஸ்டேஷனில் ஒரு வாரம் நின்று நீங்களே குறித்து எடுங்கள். தானே எடுத்த தரவோடு வேலை செய்தவருக்கு அடுத்தவர் தரவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பந்தயம் இன்று பானையிலும் இல்லை, சீட்டுக் கட்டிலும் இல்லை. பையன் கையில் இருக்கும் போனுக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது, நல்லது. ஆனால் 1887-இன் சட்டம் இருந்த ஊரில்தான் மட்கா வளர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். பதினாறு வயதில், அதே போனில், தன் கையால் எழுதிய நிரலில் பத்தாயிரம் பேர் 3,000 நாள் ஆடித் தோற்பதைப் பார்த்த பிள்ளையிடம் எந்த ஆப்பும் வந்து ஆசை காட்டுவது கடினம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுங்கள்.